ஞாயிற்றுக்கிழமைச் சாட்சி

லண்டன்

அன்புள்ள தம்பிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு குரற்பதிவுகளையும் கேட்டேன். கண்டிப் பக்கத்து முதியோர் இல்லத்தில் அப்பாவை விட்டிருக்கும் ஹட்டன் வாத்தியார், "தங்கமான இடம், யோசிக்காம விடுங்க" என்கிறார். தலவாக்கலையிலிருந்து பேசிய பெண்ணோ மாமியாரைச் சில மாதத்திலேயே திரும்பக் கூட்டிவந்துவிட்டாராம். "அந்தப் பக்கமே போயிறாதீங்க" என்கிறார். பெரியம்மாவை அங்கே விடலாமா, இந்த இருவரில் யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறாய்.

இருவரும் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள். வாத்தியார் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகிறார். ஞாயிற்றுக்கிழமை எந்த இல்லமும் குளித்து முழுகி, தலைசீவித்தான் இருக்கும். அதோடு, அப்பாவைக் கொண்டுபோய் விட்ட மகனுக்கு அது நல்ல இடமாக இருந்தே ஆகவேண்டும். இல்லாவிட்டால் ராத்தூக்கம் வராது. அவர் சொல்வதில் பாதி அப்பாவைப் பற்றியது, மீதி தன்னைப் பற்றியது. அந்தப் பெண்ணிடமும் கோபம் இருக்கிறது. ஆனால் அவர் ஒரு வாக்கியம் சொல்கிறார்: "காலைல பத்து மணிக்கும் ராத்திரி நனைச்ச துணியோடயே இருந்தாங்க." இதில் நேரம் இருக்கிறது, பொருள் இருக்கிறது, கண்ட கண் இருக்கிறது. 'தங்கமான இடம்' என்பதில் இவை எதுவும் இல்லை.

அதற்காக உடனே அவர் பக்கம் சாய்ந்துவிடாதே. திரும்பப் பேசி, இது எந்த வருஷம், அன்றிருந்த பொறுப்பாளர்தான் இன்றும் இருக்கிறாரா, ஒரு நாள் நடந்ததா, நாளும் நடந்ததா என்று கேள். முக்கியமாக, அதை அங்கே யாரிடமாவது சொன்னாரா, சொன்னபோது என்ன பதில் வந்தது என்று கேள். பிழையே நடக்காத இல்லம் உலகத்தில் இல்லை. சொன்னதும் துணியை மாற்றி, ராத்திரிக்கு யார் பொறுப்பு என்று விசாரித்திருந்தால் அது ஒரு வகை இடம். "உங்க மாமியார்தான் பிடிவாதம்" என்றிருந்தால் அது வேறு வகை இடம்.

கட்டடத்தைப் பார்த்து மயங்காதே என்பதற்கு இந்த நாட்டில் நடந்த ஒரு கதை இருக்கிறது. மேற்கு சசெக்ஸில் கோப்தோர்ன் என்ற ஊரில் 2009இல் ஆர்க்கிட் வியூ என்று ஓர் இல்லம் திறந்தார்கள். புத்தம் புதுக் கட்டடம். நடத்தியது சதர்ன் குரோஸ் என்ற பெரிய கம்பனி. 2010இல் அரசாங்கத்தின் பராமரிப்புத் தர ஆணைக்குழு அதற்கு 'நல்லது' என்று தரமும் கொடுத்தது. மறுவருஷமே அலுவலகத்தில் வேலை செய்த ஒரு பெண் பொலிசுக்குப் போனார், இல்லம் மூடப்பட்டது. 2013இல் மரண விசாரணை அதிகாரி, ஆராய்ந்த 19 மரணங்களிலும் கவனிப்பு தரக்குறைவாக இருந்தது என்றும், அதில் 5 பேரின் சாவில் புறக்கணிப்புக்கும் பங்குண்டு என்றும் தீர்ப்புச் சொன்னார். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு வீட்டின் மனக்குறையும் சின்னதாகத்தான் தெரிந்திருக்கும். 19ஐயும் ஒரே மேசையில் வைத்தபோதுதான் அதன் உருவம் தெரிந்தது.

குடும்பங்கள் அப்படி ஒரே மேசைக்கு வர வழி வேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் உள்ளவர்களின் குடும்பத்தார் சேர்ந்து ஒரு சபை அமைக்கச் சட்டமே இடம்கொடுக்கிறது. இல்லத்துக்காரர் அதைத் தடுக்கமுடியாது. நமக்கு அந்த வசதி கிடையாதென்றால், நீயாகவே நாலைந்து குடும்பத்தைத் தேடிப் பிடிக்கவேண்டும். இல்லத்துக்காரர் தரும் நம்பர்களை மட்டும் நம்பாதே. அவர்கள் வாத்தியார்களின் நம்பரைத்தான் தருவார்கள். அங்கே இறந்துபோனவரின் குடும்பம் ஒன்றையாவது பார். கடைசி வாரம் எப்படிப் போனது என்று அவர்களுக்குத்தான் தெரியும். இல்லத்தை நல்லபடியாகச் சொல்லவேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இனி இல்லை.

நம் நாட்டிலும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் பதிவு செய்யவேண்டும். அந்தப் பதிவுப் பத்திரத்தைக் கேள். பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் ஒருமுறை பார். ஆனால் ராத்திரி துணி மாற்றினார்களா என்று எந்தப் பத்திரமும் சொல்லாது.

நான் முன்னே சொன்ன பராமரிப்புத் தர ஆணைக்குழுவில் 2013இல் தலைமைப் பரிசோதகராக வந்த ஆண்ட்ரியா சட்கிளிஃப் என்ற அம்மையார் 'அம்மா பரீட்சை' என்று ஒன்றைச் சொன்னார். என் அம்மாவுக்கு இந்த இடம் போதுமா என்று ஒவ்வொரு பரிசோதகரும் தன்னையே கேட்டுக்கொள்ளவேண்டுமாம். நல்ல கேள்விதான். ஆனால் அவருடைய அம்மா நம்முடைய அம்மா இல்லை. நம் பெண்கள் தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சலோடு வரிசையில் நின்று, டாக்டரய்யா "என்ன?" என்றதும் "ஒண்ணுமில்லீங்க" என்று தொடங்கியவர்கள். கங்காணிக்கும் துரைக்கும் முன்னால் குறை சொல்லாமலிருந்தே பெரியம்மா கொழுந்து பறித்து முடித்தார். வெள்ளைச் சட்டைக்காரர் வந்து "சாப்பாடு எப்படி?" என்றால் "நல்லாருக்குங்க ஐயா" என்றுதான் வரும். அந்த வாயை நம்பி ஒரு இல்லத்துக்கு மார்க் போட்டால், எல்லா இல்லமும் பாஸ்.

அதனால் வாயைக் கேட்பதோடு நிற்காமல் கண்ணால் பார். நினைவு மங்கியவர்கள் இருக்கும் இடங்களில் பரிசோதகர்கள் ஒரு மூலையில் பேசாமல் உட்கார்ந்து, ஊழியர் கிட்டே வரும்போது அந்த முதியவர்களின் முகம் எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். அதற்கு இங்கே ஒரு முறையே வகுத்திருக்கிறார்கள். நீயும் பகல் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார். தட்டு எங்கே வைக்கப்படுகிறது, கை நடுங்குகிறவருக்கு எட்டுகிறதா, எட்டாத தட்டை யாராவது கவனிக்கிறார்களா என்று பார். இன்னொன்று, ராத்திரி வேலைக்கு நிற்பவர்களில் தமிழ் பேசுகிறவர் யார்? பெரியம்மாவுக்குக் கடைச் சிங்களம் தெரியும். 'வயிற்றுக்குள்ள என்னமோ இழுக்குது' என்பதைச் சொல்லும் அளவுக்குத் தெரியாது.

இனி வீட்டுக்கு வருகிறேன். "லயத்துல இருந்தா யாராவது பார்த்துக்குவாங்க" என்று பெரியம்மாவின் மகன், உன் கட்டார் அண்ணன், சொல்கிறாராம். ஒரு காலத்தில் அது உண்மை. தொங்கல் காம்பராவில் இருமினால் லயம் முழுக்கக் கேட்கும். எந்த மருமகள் மாமியாருக்குச் சாயத்தண்ணி கொடுக்கவில்லை என்பது பீலிக்கரையில் விடியுமுன்னே தெரிந்துவிடும். இப்போது தனி வீடுகள் வருகின்றன. டன்சினன் தோட்டத்திலேயே 2018 ஆகஸ்டில் இந்திய உதவியில் கட்டிய 404 வீடுகளைக் கொடுத்தார்கள். நூற்றாண்டுக்கு மேல் லயத்தில் கிடந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். யாரும் லயத்துக்குத் திரும்பவேண்டாம். ஆனால் தனி வீட்டில் கதவைச் சாத்தினால் இருமல் வெளியே வராது. நம் பிள்ளைகளோ கொழும்பிலும் துபாயிலும் வேறு யாருடைய அப்பா அம்மாவையோ குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைக்காம்பரா இல்லாத தோட்டம் அரிது. கிழவிகளுக்கு ஒரு காம்பரா வேண்டும் என்று எந்தத் துரைக்கும் தோன்றியதாகவோ, எந்தத் தொழிற்சங்கமும் அதற்காகப் பிரட்டுக்களத்தில் நின்றதாகவோ எனக்கு நினைவில்லை.

ஆகவே அந்த இல்லத்தை ஒரு கற்பனை வீட்டோடு ஒப்பிடாதே. பெரியம்மா இன்றைக்கு இருக்கும் இருப்போடு ஒப்பிடு. அது எப்படி என்று சொல்லக்கூடிய ஒரே ஆளை நீயும் கேட்கவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. காலையில் பெரியம்மாவைக் கழுவி உட்காரவைத்துவிட்டு மலைக்கு ஓடி, பகலுக்கு வந்து சோறூட்டிவிட்டு, மறுபடி ஓடுகிறவள் மருமகளான மதினிதான். பெரியம்மா எத்தனை தடவை விழுந்தார், ராத்திரி எத்தனை முறை எழுப்புகிறார், அவளுடைய இடுப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் சேரவேண்டியவை. நீயும் அண்ணனும் போனில் எடுக்கும் முடிவை அவள்தான் சுமக்கவேண்டியிருக்கும். இல்லம் வேண்டாம் என்று அவள் சொன்னாலும், ஊருக்குப் பயந்து சொல்கிறாளா, மனசாரச் சொல்கிறாளா என்று தனியாகக் கேள். மாமியார் காதில் விழும்படி கேட்காதே.

பிறகு ஒரு புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் நீயும் மதினியும் போங்கள். காலை பஸ்ஸைப் பிடித்தால் பகல் சாப்பாட்டுக்குச் சேர்ந்துவிடலாம். மதினி உள்ளே போய்க் குளிக்குமிடத்தைப் பார்க்கட்டும். ஈரம் எங்கே தேங்கும், கைப்பிடி எங்கே வேண்டும் என்று அவளுக்குத் தெரிவது உனக்கும் எனக்கும் தெரியாது. பெரியம்மாவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு நாள் விட்டுவிட்டு வரலாம். மலைக்குப் போகாததால் மதினிக்கு அன்றைய பேர் விழாது. அந்தச் சம்பளத்தை நான் அனுப்பிவிடுகிறேன், அவள் கையிலேயே கொடு.

அன்புடன்,
லண்டன் அண்ணன்