பிறர் அளவு

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலகங்களில் காலைப் பணி தொடங்குகிறது. வெட்டுமேசையின்மேல் துணி அடுக்கப்படுகிறது. குறித்த அளவின்படி வெட்டப்படுகிறது. தையல் பொறிகளுக்குச் செல்கிறது. அந்த ஆடையை உடுத்தப்போகிறவர் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இருக்கக்கூடும். தைக்கும் பெண் அவரைக் கண்டதில்லை. ஆயினும் அவருடைய தோளின் அகலமும் கையின் நீளமும் அவளுக்குத் தெரியும். தன் அளவை விடுத்துப் பிறர் அளவை மனத்திற்கொள்வது தையற்கலையின் முதற்பாடம். கற்பிக்கும் பணிக்கும் அதுவே முதற்பாடம் என்பதை ஏமி கார்மைக்கேல் என்னும் பெண்மணியின் வாழ்க்கை உணர்த்துகிறது. அவர்தம் பணி தொடங்கியதும் ஒரு நெசவாலை நகரத்தில்தான்.

அயர்லாந்தின் வடபகுதியிலுள்ள மில்லைல் என்னும் சிற்றூரில் 1867 டிசம்பர் 16 அன்று ஏமி பிறந்தார். பின்னர் அவர் குடும்பம் பெல்பாஸ்ட் நகரில் குடியேறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழிபாடு முடிந்து திரும்பும் வழியில், கந்தலுடுத்த மூதாட்டி ஒருவர் பெருஞ்சுமையுடன் தள்ளாடுவதை ஏமி கண்டார். தம் உடன்பிறந்தாருடன் சேர்ந்து அம்மூதாட்டிக்குத் துணைநின்றார். எதிரே வந்தவர்களோ நல்லுடை உடுத்தவர்கள். அவர்கள் பார்வை பட்டதும் ஏமியின் முகம் நாணத்தால் சிவந்தது. உதவி செய்ய முன்வந்த மனமே ஒரு கந்தலாடைக்காகக் கூசியது. அந்தக் கூச்சம் அவரை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

அக்காலத்தில் பெல்பாஸ்ட் நகரம் ஆளிநார் நெசவுக்குப் பேர்பெற்றது. ஆலைகளில் உழைத்த ஏழைப்பெண்களுக்குத் தொப்பி வாங்கும் வசதியில்லை. எனவே அவர்கள் சால்வையால் தலையை மூடிக்கொண்டனர். உடுத்திய சால்வையே அவர்களுக்கு இழிபெயராயிற்று. அவர்களைத் தேவாலயத்திற்கு ஏமி அழைத்து வந்தபோது, அங்கிருந்தோரில் சிலர் முகம் சுளித்தனர். ஏமி மனம் தளரவில்லை. அப்பெண்கள் அச்சமின்றிக் கூடுவதற்கென 1889இல் தகரத்தாலான மண்டபம் ஒன்றை எழுப்பினார். ஊரார் அவர்களைச் சால்வையால் அளந்தனர். ஏமி அவர்களைப் பெயர்சொல்லி அழைத்தார்.

1893இல் அவர் ஜப்பான் சென்றார். மட்சுயே நகரில் தங்கிச் சமயப்பணி ஆற்றினார். ஜப்பானிய மொழியை அவர் அப்போதுதான் கற்கத் தொடங்கியிருந்தார். ஆதலின் மிசாகி என்னும் ஜப்பானியப் பெண்மணி அவர் சொற்களை மொழிபெயர்த்துக் கூறுவார். இருவரும் வீடு வீடாகச் செல்வர். வாயிலில் காலணி கழற்றிப் பாய்மேல் அமர்ந்து உரையாடுவர்.

குளிர்மிக்க ஒரு நாளில் நோயுற்ற மூதாட்டி ஒருவரைக் காணச் சென்றனர். மூதாட்டி ஆர்வத்துடன் செவிகொடுத்தார். பேச்சு மிக முக்கியமான கட்டத்தை எட்டியபோது, அவர் கண்கள் ஏமியின் கைகளில் நிலைத்தன. மென்மயிர் பொதிந்த மேலைநாட்டுக் கையுறைகள்! அதுபோன்ற ஒன்றை அவர் அதற்கு முன் கண்டதில்லை. ‘இவை என்ன?’ என்று வினவினார். அதன்பின் அவர் கவனம் பேச்சுக்குத் திரும்பவேயில்லை. பல நாள் ஆயத்தம் செய்து கொணர்ந்த சொற்கள் ஒரு கையுறையின்முன் தோற்றன. வீடு திரும்பிய ஏமி தம் மேலைநாட்டு ஆடைகளைக் களைந்து ‘கிமோனோ’ உடுத்தத் தொடங்கினார்.

அப்பிழையை அவர் மூதாட்டியின்மேல் ஏற்றவில்லை; தம் உடைமேல் ஏற்றிக்கொண்டார். கேட்பவர் கவனம் சிதறினால் முதலில் தன்னையே ஆராயவேண்டும் என்னும் பாடம் அன்று அவருக்கு வாய்த்தது. ஜப்பானில் அவர் இருந்தது ஏறத்தாழப் பதினைந்து மாதங்களே. உடல்நலம் குன்றியதால் 1894இல் அந்நாட்டை விட்டுச் சென்றார். அப்பாடத்தைத் தம்முடன் எடுத்துச் சென்றார்.

1895இல் இந்தியாவுக்கு வந்து, பின் திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். தாமஸ் வாக்கர் என்பவரிடம் தமிழ் கற்றார். மொழிபெயர்ப்பாளரின் துணையின்றி மக்களோடு பேச விரும்பியமையால், கடினமென்று சோராமல் பயின்றார். இங்கும் தம் நாட்டு உடையைத் தவிர்த்துச் சேலை உடுத்தார். தமிழ்ப்பெண்கள் சிலரோடு மாட்டுவண்டியில் ஊர் ஊராகச் சென்றார்.

1901இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டிவிடப்பட இருந்த சிறுமி அவள். அவளைத் தொடர்ந்து பல குழந்தைகள் வந்தனர். மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரத்து டோனாவூர் அவர்கள் வீடாயிற்று. ஊர்சுற்றிப் போதித்தவர் இப்போது பாலூட்டவும், நோயில் கண்விழிக்கவும், நகம் வெட்டவும் வேண்டியவரானார். கற்றவர் செய்யத்தக்க பணியா இது என்று வினவியோரும் உண்டு. ஏமிக்கு அவ்வையம் நெடிது நிற்கவில்லை. பிறந்தநாள் அறியாத குழந்தைகள் பலர் அங்கிருந்தனர். எனவே ஒவ்வொரு குழந்தையும் இல்லத்திற்கு வந்த நாளையே திருநாளாகக் கொண்டாடினர். இல்லாத ஒன்றுக்காக வருந்தாமல், உள்ளதைக் கொண்டே மகிழ்வதற்கு வழிகண்டார் ஏமி.

இந்நாட்டு வழக்கங்களைப் பற்றிய அவர் எழுத்துகளில் கடுமை மிகுந்திருந்தது. அவற்றை மறுத்தோரும் உளர். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராடினார். 1947இல் சென்னை மாகாணத்தில் அதற்கான சட்டம் நிறைவேறியது. ஏமி செய்தது சட்டம் வருமுன்னர், கைக்கெட்டிய குழந்தைகளைக் காத்தது.

1931இல் ஒரு குழியில் விழுந்து அவருக்குக் கால்முறிவு ஏற்பட்டது. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறையிலேயே கழிந்தன. அங்கிருந்தபடியே நூல்கள் எழுதினார். 1951 ஜனவரி 18 அன்று மறைந்தார். தமக்குக் கல்லறைக்கல் வேண்டா என்று சொல்லியிருந்தார். ஆதலின் பறவைகள் நீர் அருந்தும் கற்றொட்டி ஒன்றை அங்கு வைத்தனர். தாயைக் குறிக்கும் ஒரு தமிழ்ச்சொல் மட்டுமே அதில் பொறிக்கப்பட்டது.

இன்று பிழைப்புத்தேடி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் திருப்பூருக்குக் குடும்பங்கள் வருகின்றன. அவர்கள் பிள்ளைகள் தமிழறியாமல் வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்கின்றனர். அப்பிள்ளையின் மொழியில் நான்கு சொல் கற்று, ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்கும் ஆசிரியரும், அருகே நகர்ந்து இடம்தரும் மாணவரும் ஏமி தம் கையுறையைக் கழற்றிய அதே செயலைத்தான் செய்கின்றனர். பிறர் அளவறிந்து தைத்த ஆடையே உடம்பில் பொருந்தும், கல்வியும் அவ்வாறே.