ஸ்பைடரை எந்த வரிசையில் படிப்பது?

“கல்லூரி மலருக்குப் படக்கதையைப் பற்றியா எழுதப் போகிறாய்?” என்று நண்பர்கள் நகைத்தனர். குறுந்தொகையைப் பற்றி எழுதத் தமிழிலக்கிய மாணவர் உளர். அணுக்கருவைப் பற்றி எழுத என் வகுப்பிலேயே பலர் உளர். படக்கதைக்கு ஆளில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

பேச்சு தொடங்கியது தானோஸைப் பற்றி. ‘அவெஞ்சர்ஸ்’ படங்களைத் தமிழ்ப் பேச்சில் கண்டவர்கள் நம் கல்லூரியில் ஏராளம். 2019இல் வந்த படத்தில் அயர்ன்மேனுக்கு நம் விஜய் சேதுபதி குரல் கொடுத்தார் என்பதற்காகவே பார்த்தவர்களும் உண்டு. விரலைச் சொடுக்கி அண்டத்தின் பாதி உயிர்களை அழித்த அக்கொடியவனின் கதையைப் புத்தகமாகப் படிக்க வேண்டும், எதிலிருந்து தொடங்கலாம் என்று ஒரு நண்பர் கேட்டார். 1991இல் ஆறு இதழ்களாக வந்த ‘இன்ஃபினிட்டி காண்ட்லெட்’டைத்தான் பலரும் காட்டுவர், சொடுக்கு அதில் வருவதால். நான் அதை ஒப்பமாட்டேன்.

தானோஸ் முதலில் தோன்றியது 1973இல், ‘அயர்ன்மேன்’ 55ஆம் இதழில். படைத்தவர் ஜிம் ஸ்டார்லின். கல்லூரியில் உளவியல் வகுப்பில் அமர்ந்திருந்தபோது அவருக்குத் தோன்றிய எண்ணமாம் அது! (நம் வகுப்புகளில் நமக்குத் தோன்றுவது உறக்கம் ஒன்றே.) சாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். படத்தில் அவன் பஞ்சத்தைப் பற்றியும் பற்றாக்குறையைப் பற்றியும் பேசுகிறான். புத்தகத்திலோ அவன் ஒரு காதலன். பெண்ணுருவில் நிற்கும் சாவையே காதலிக்கிறான். எனவே 1973, 74இல் வந்த ‘காப்டன் மார்வெல்’ இதழ்களை அடுத்துப் படிக்க வேண்டும். பின்னர் ‘வார்லாக்’ கதை. 1977இல் வந்த இரண்டு ஆண்டு மலர்களில் அவன் கல்லாகிப்போவது வரை. அதன்பின் 1990இல் ‘சில்வர் சர்ஃபர்’ இதழ்களில் மீண்டும் உயிர்பெற்று, ‘தானோஸ் குவெஸ்ட்’ என்னும் இரு இதழ்களில் மணிகள் ஆறையும் கவர்கிறான். இத்தனைக்கும் பிறகு 1991க்கு வந்தால்தான், அந்தச் சொடுக்கு ஒரு காதலன் தரும் சீதனம் என்பது விளங்கும்.

இது வெளியூர்ச் சரக்கு. நமக்கென்று ஒரு கொடியவன் இருக்கிறான். மதுரைக்கு ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள சிவகாசியில் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு முத்து காமிக்ஸ் பிறந்தது. 1984 ஜூலையில் அதே ஊரிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. அவ்வாண்டிலேயே ‘எத்தனுக்கு எத்தன்’ என்ற கதையில் ஸ்பைடர் தமிழ் பேசத் தொடங்கினான். அமெரிக்கச் சிலந்தி மனிதன் வேறு, இவன் வேறு. கூரிய காதும் கறுப்பு உடையும் வலை வீசும் துப்பாக்கியும் கொண்டவன். பெட்டகம் உடைக்கும் ஆர்டினியும், விஞ்ஞானி பெல்ஹாமும் இவனுடைய கையாட்கள்.

இவனுக்குத் தாயகம் இங்கிலாந்து. 1965இல் ‘லயன்’ என்ற அந்நாட்டு வார இதழில் தொடங்கி 1969 வரை வந்தான். படம் வரைந்தவர் ரெஜ் பன். முதலிரண்டு கதைகளை எழுதியவர் டெட் கோவன். மூன்றாவதிலிருந்து எழுதியவர் ஜெர்ரி சீகல். ஆம், சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவர். 1938இல் சூப்பர்மேனின் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு விற்றுவிட்டு, பிற்காலத்தில் அயல்நாட்டு வார இதழுக்கு எழுதிப் பிழைத்தவர்.

முதற்கதையில் ஸ்பைடர் திருடன். குற்ற உலகுக்கே மன்னனாக வேண்டும் என்பது அவன் ஆசை. சீகல் கைக்கு வந்தபின், அவனைவிடக் கொடியவர்கள் ஒவ்வொருவராக எதிரே வருகிறார்கள். அவர்களை வென்று வென்றே நீதியின் பக்கம் போய்ச் சேர்கிறான். அழுது திருந்தியவன் அல்லன். தன்னை விஞ்ச ஒருவன் இருக்கக் கூடாது என்ற செருக்கே அவனை நல்லவனாக்கிற்று என்பது என் கருத்து. ஆனால் அதை உணர முதலிலிருந்து படிக்க வேண்டும். முதல் மூன்று கதைகளையும் 2005இல் இலண்டன் டைட்டன் பதிப்பகம் ஒரே நூலாக வெளியிட்டது. ஆங்கிலம் தடுக்காதவர் அதிலிருந்து தொடங்கலாம்.

என் தந்தைக்கு அந்த வாய்ப்பில்லை. மேலூர்ப் பக்கத்துச் சிற்றூரில் எட்டாம் வகுப்போடு நின்றவர். இன்று மாட்டுத்தாவணிச் சந்தையில் காய்கறி மூட்டை தூக்குகிறார். சிறுவனாக இருந்தபோது முடிதிருத்தகத்திலும் பழைய தாள் கடையிலும் எது கைக்குக் கிடைத்ததோ அதுவே அவருக்கு வரிசை. அவர் முதலில் படித்தது ‘பாட்டில் பூதம்’. பூதத்தோடு மோதுபவன் கெட்டவனாக இருப்பானா? ஆகவே ஸ்பைடர் நல்லவன் என்று அன்றே தீர்மானித்துவிட்டார். பிறகு கிடைத்த, அட்டையில்லாத ஒரு பிரதியில் காவல் துறையினர் அவனைத் துரத்துகிறார்கள். அதற்கும் அவரே ஒரு விளக்கம் வைத்திருந்தார்: “அந்தப் போலீஸ்காரய்ங்களுக்கு அவன் மேல பொறாமைப்பா.” நாற்பது ஆண்டுகளாக இவ்விளக்கம் அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது!

அவன் திருடனாகத்தான் தொடங்கினான் என்று நான் சென்ற ஆண்டு சொன்னபோது, சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “இத எவனும் எங்களுக்குச் சொல்லலையே” என்றார். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எந்தப் பாடத்தை எடுப்பது, எந்த நூலை முதலில் படிப்பது, எந்த விண்ணப்பத்துக்குப் பின் எந்த விண்ணப்பம் என்பதெல்லாம் கைக்குக் கிடைத்தபடிதான் எனக்கும் வந்தன. அவர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கிற்று.

ஏழாம் வகுப்பில் படிக்கும் தங்கைக்காவது வரிசையாகக் கொடுக்கலாம் என்று எண்ணினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுபவள் அவள். பாடநூலைக் கண்டால் தலைவலி என்பாள். ‘எத்தனுக்கு எத்தன்’ ஒரு பிரதி தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் கோவையிலிருந்து பழைய படக்கதை சேர்ப்பவர் ஒருவர் வந்தார். தந்தையின் தகரப் பெட்டியில் இருந்த ஐந்து புத்தகங்களில் நான்கை, அட்டையில்லை, கிழிந்திருக்கிறது என்று ஒதுக்கினார். ‘பாட்டில் பூதத்’துக்கு மட்டும் 2,500 ரூபாய் தருவதாகச் சொன்னார். தந்தை அந்நாளில் அரை ரூபாய்க்கு வாங்கியது அது. பருவத் தேர்வுக் கட்டணம் கட்ட நான்கு நாள்கள் இருந்தன. தந்தை என் முகத்தைப் பார்த்தார். நான் அன்னையின் முகத்தைப் பார்த்தேன். “ஞாயித்துக்கெழம வந்து வாங்கிக்கங்கய்யா” என்று அன்னை சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை இரவு தங்கை அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அமர்ந்தாள். வரிசை பேசிக்கொண்டிருக்கப் பொழுதில்லை. விடிந்தால் புத்தகம் போய்விடும். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, உரக்கப் படித்தாள். தடுக்கிய இடங்களில் தந்தை பக்கத்தைப் பாராமலேயே எடுத்துக் கொடுத்தார். பதினோரு மணிக்கு அன்னை விளக்கை அணைக்கச் சொன்னபோது இன்னும் சில பக்கங்கள் மீதமிருந்தன. கைப்பேசி வெளிச்சத்தில் அதையும் முடித்தாள். “ஸ்பைடர் நல்லவன்தானப்பா?” என்று கேட்டாள். தந்தை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கட்டணம் கட்டியாயிற்று. அட்டையில்லாப் பிரதிகள் நான்கையும் அவள் படித்தாயிற்று. இப்போது ‘டாக்டர் டக்கர்’ வேண்டும் என்கிறாள். எனக்கோ அவளுக்கு ‘எத்தனுக்கு எத்தனை’ முதலில் கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசை இன்னும் விடவில்லை. இரண்டில் எது எவரிடம் இருப்பினும் சரி, இரண்டாம் ஆண்டு இயற்பியல் வகுப்பில் கடைசிப் பலகைக்கு வந்து என்னைக் கேளுங்கள். அட்டை கிழியாமல் ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறேன்.