சீட்டு தணிக்கையில் இருக்கிறது

நகராட்சியில் 31 ஆண்டு வேலை பார்த்தேன். சொத்துவரி, பிறப்பு இறப்பு, பொது சுகாதாரம் என்று இருக்கை மாறிக்கொண்டே இருந்தது. மனநலத்துக்கென்று நான் இருந்த எந்த அலுவலகத்திலும் இருக்கை கிடையாது. ஆனால் பேருந்து நிலையத்தில் ஒருவர் கந்தலோடு தனக்குத்தானே பேசிக்கொண்டு நின்றால், கடைக்காரர்கள் முதலில் போன் போடுவது எங்களுக்குத்தான். நாய் வண்டி கேட்கிற அதே குரலில் கேட்பார்கள்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் இல்லம் ஒன்றில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். நான் அப்போது இளநிலை உதவியாளர். எல்லைக்குள் அப்படிப்பட்ட இல்லங்கள் உண்டா என்று மேலிடத்திலிருந்து அவசரமாகக் கேட்டார்கள். 'இன்மை' என்று அறிக்கை தட்டச்சு செய்து அனுப்பினேன். ஒரு தெருவுக்குள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 வந்த பிறகு வேலை கொஞ்சம் தெளிவானது. சங்கிலி போடக் கூடாது. சாலையில் திரிபவரைப் போலீசார் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல்போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். போக இடமில்லை என்பதற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கவும் கூடாது. இந்தக் கடைசிப் பிரிவுதான் எங்கள் வீடற்றோர் காப்பகத்தின் கதவைத் தட்டியது.

அப்படி வந்தவர்களில் ஒருவர், கோப்பில் 'பெயர் தெரியாத பெண், வயது சுமார் 45'. பெயர் கேட்டால் நாளுக்கு ஒன்று சொல்வார். மாத்திரை ஒழுங்காகப் போட்ட மூன்றாம் மாதம் காப்பகத்துக்கே காய் நறுக்கினார். நானோ அவருடைய ஓ.பி. சீட்டை, அசல் ஆவணம் என்று, கோப்பில் தைத்து வைத்திருந்தேன். குறிப்புப் பக்கம் இடப்புறம், கடிதங்கள் வலப்புறம், பக்க எண் சிவப்பு மையில். கோப்பு கட்டுவதில் எனக்கு அலுவலகத்தில் பெயர் உண்டு.

தணிக்கைக் குழு வந்து காப்பகச் செலவுக் கோப்புகளை மொத்தமாக எடுத்துக்கொண்டது. காப்பாளர் மாடியேறி வந்தார்.

"சார், மாத்திரை தீரப்போகுது. அந்தச் சீட்டு மட்டும் குடுங்க."

"ஆடிட் முடியட்டும்மா. திங்கக்கிழமை வாங்க."

மூன்று திங்கட்கிழமை வந்தார். கோப்பைக் கேட்டு வாங்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். தணிக்கையாளரிடம் போய் நிற்கக் கூச்சம், அவ்வளவுதான். இதற்குள் அந்த அம்மாவுக்குத் தூக்கம் போனது, சாப்பாட்டைத் தள்ளினார், ஒரு விடியற்காலை கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். நான்காம் நாள் ரயில்வே கேட் அருகே கிடைத்தார், கால் முழுக்கப் புண்ணோடு. மறுபடி 24 மணி நேரம், மறுபடி முதல் தகவல் அறிக்கை, மறுபடி எனக்கு ஒரு கோப்பு.

தணிக்கை அறிக்கையில் அந்தக் கோப்பின்மேல் ஒரு ஆட்சேபணையும் இல்லை.

அதற்குப் பிறகு நகலைத்தான் கோப்பில் தைத்தேன். அசல் சீட்டுகள் காப்பகத்துச் சமையலறைக் கதவின் பின்னால், ஆணியில் மாட்டிய பிளாஸ்டிக் பையில் இருக்கும். எண்ணெய்க் கறை பட்டிருக்கும். நான் ஓய்வுபெற்ற நாளில் அந்தப் பையில் பதினொரு சீட்டு இருந்தது.