மணலில் வளர்ந்த கால்பந்து

கேரளத்தின் தென்கோடியில் உள்ள பொழியூர், சந்தோஷ் டிராபிக்கு வீரர்களை அனுப்பிப் பெயர் வாங்கிய மீனவ கிராமம். இப்போது அங்கே ஆடுவதற்கு மணலும் குறைகிறது. ஆடியவர்களுக்கு வேலையும் குறைகிறது.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பூவாறு வழி போகும் பஸ்ஸில் ஏறினால் முதல் அரை மணி நேரத்துக்கு அது சுற்றுலா பஸ் மாதிரி இருக்கும். கோவளத்தில் தோள்பையும் தொப்பியுமாக இருப்பவர்கள் இறங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸுக்குள் வேறு மனிதர்கள். நகரத்து மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு காலி அலுமினியச் சருவத்துடன் வீடு திரும்பும் பெண்கள், டியூஷன் முடிந்த பிள்ளைகள், கால்முட்டி வரை சுருட்டிய லுங்கியில் நடுவயது ஆண்கள். விழிஞ்ஞத்தில் துறைமுகத்தின் ராட்சத கிரேன்கள் தென்னை மரங்களுக்கு மேலே தலைகாட்டி மறைகின்றன. புல்லுவிளை, புதியதுறை, பூவாறு என்று கடலோர ஊர்கள் ஒன்றின் வாசலில் இன்னொன்றாக நிற்கின்றன. நெய்யாறு கடலில் கலக்கும் பொழிமுகத்தைத் தாண்டினால் பொழியூர். அதற்கடுத்த கடற்கரை ஊர் நீரோடி, அது தமிழ்நாடு.

ஊரின் அகலத்தை ஒரே பார்வையில் அளந்துவிடலாம். ஒரு பக்கம் அரபிக்கடல். மறுபக்கம், திருவனந்தபுரத்தையும் குமரியையும் படகு வழியாக இணைக்க 1860-இல் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கிய ஏ.வி.எம். கால்வாய். நடுவில் இருக்கும் துண்டு நிலத்தில்தான் சர்ச், பள்ளிக்கூடம், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் எல்லாம். மைதானத்துக்கு ஏது இடம்? கடற்கரைதான் மைதானம்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய் நின்று பார்க்க வேண்டும். அன்று கடலுக்குப் போவதில்லை. ஃபைபர் வள்ளங்கள் கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு இடையே கிடைத்த மணலில் நான்கு கம்புகள், கிழிந்துபோன பழைய வலை. அவ்வளவுதான் கோல் போஸ்ட். பூட்ஸ் எதுவும் கண்ணில் படவில்லை. பத்து வயதுப் பையனும் இருபது வயது இளைஞனும் ஒரே டீமில் ஆடுகிறார்கள். 'இங்கோட்டு தாடா' என்று ஒருவன் கத்துகிறான். 'விடாத, அடி மக்களே' என்று பதில் வருகிறது. இது தமிழா மலையாளமா என்று கேட்டால் அவர்களுக்கே சிரிப்பு வரும்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. அந்தக் கோடு இந்தக் கரையில்தான் கடலைத் தொட்டது. ஆனால் பொழியூரும், கோட்டுக்கு அந்தப்புறம் உள்ள நீரோடி, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூரும் இன்றைக்கும் ஒரே திருவனந்தபுரம் லத்தீன் மறைமாவட்டத்தின் பங்குகள்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும் கோடு தாண்டி நடக்கிறது. திருநாளுக்கு ஒரு ஊர் டோர்னமென்ட் வைத்தால் மற்ற ஊர் டீம் வராமல் இருக்காது. கேரளத்துக்கு ஆடுவதா, தமிழ்நாட்டுக்கு ஆடுவதா என்பதை ரேஷன் கார்டு தீர்மானிக்கும். ஆட்டம் என்னவோ ஒன்றுதான்.

அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்ததில் பெரிய பங்கு மணலுக்கு. புல்தரையில் பந்து உருளும்; இங்கே உருளாது, புதையும். எனவே பந்தைத் தரையில் விடாமல் அந்தரத்திலேயே வைத்துக்கொள்ளப் பழக வேண்டும். நெஞ்சில் வாங்கி, கீழே விழும் முன் காலால் தட்டிவிட வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் கால் உள்ளே இறங்குவதால், ஓட்டத்துக்குப் புல்தரையில் தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு மூச்சு பிடிக்க வேண்டியிருக்கிறது. அப்பாவுடன் வலை இழுத்த தோளும் மணலில் ஓடிய காலும் பதினாறு வயதில் ஒரு புல் மைதானத்துக்குப் போய்ச் சேரும்போது, நகரத்துப் பையன்களுக்கு இவர்களைப் பிடிப்பது கஷ்டம்.

பத்திரிகைகள் பொழியூரை 'சந்தோஷ் டிராபி கிராமம்' என்று அழைப்பதற்கு இதுவே காரணம். 1941-இல் தொடங்கிய சந்தோஷ் டிராபி, மாநில அணிகள் மோதும் தேசியப் போட்டி. ஐ.எஸ்.எல். வெளிச்சத்தில் இன்று அது மங்கித் தெரியலாம். கேரளத்தில் அப்படியல்ல. அங்கே மாநில ஜெர்சி என்பது ஒரு வீட்டின் தலையெழுத்தை மாற்றும் துணி.

எப்படி மாற்றும்? இதைப் புரிந்துகொண்டால்தான் எஸ்.எம்.ஆர்.சி. போன்ற ஊர் கிளப்புகளின் மகிமை புரியும். பொழியூரின் இந்த கிளப்புக்குப் பெரிய முதலாளி கிடையாது. பிள்ளைகளை மாலையில் வரிசையாக நிற்கவைத்துப் பயிற்சி தருவது, மாவட்ட லீகுக்கு அழைத்துப் போவது, யாராவது ஒருவர் கண்ணில் படவைப்பது, இதுதான் அதன் வேலை. அந்த 'யாராவது' என்பவர் பெரும்பாலும் ஓர் அலுவலக டீமின் பயிற்சியாளர். கேரள போலீஸ், மின்வாரியம், ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், ஏ.ஜி. அலுவலகம், டைட்டானியம் என்று தலைநகரைச் சுற்றி எத்தனையோ டீம்கள். 1984-இல் அமைந்த கேரள போலீஸ் டீம் 1990-இல் திருச்சூரிலும் 1991-இல் கண்ணூரிலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றபோது, வி.பி.சத்யன், ஐ.எம்.விஜயன், பாப்பச்சன், ஷராஃபலி என்ற பெயர்கள் மட்டும் பரவவில்லை. நன்றாக ஆடினால் காக்கிச்சட்டையும் மாதச் சம்பளமும் கிடைக்கும் என்ற செய்தியும் கடற்கரைக் குடிசைகள் வரை போய்ச் சேர்ந்தது.

கடலுக்குப் போகும் வீட்டில் மாதச் சம்பளம் என்பது வேறு ரகமான சொத்து. மீன் கிடைத்தால்தான் பணம். ஆனி, ஆடியில் கடல் கொந்தளித்தால் அடுப்பு யோசித்துத்தான் எரியும். போனவன் திரும்புவானா என்பதும் நிச்சயமில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஓகி புயல் வந்தபோது பூந்துறை, விழிஞ்ஞம் முதல் தூத்தூர் வரை இந்தக் கரையில் எத்தனை வீடுகள் ஆண் துணையை இழந்தன என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. மகன் பந்து விளையாடுவதை ஒரு மீனவத் தாய் தடுக்காமல் இருப்பதற்கு விளையாட்டு ஆசை மட்டும் காரணமல்ல. அவன் கரையிலேயே இருப்பான்.

அந்தப் புயலுக்கு நான்கே மாதம் கழித்து, 2018 ஏப்ரல் 1 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் சந்தோஷ் டிராபி இறுதிப்போட்டி. வங்காளத்தை அதன் சொந்த மண்ணில் எதிர்த்த கேரள அணியில் பொழியூரின் சீசனும் இருந்தார். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் விபின் தாமஸ் அடித்த கோலுக்கு வங்காளம் உடனே பதில் கோல் போட, ஆட்டம் 2-2. பெனால்டியில் கோல்கீப்பர் மிதுன் தடுத்து நிறுத்த, கேரளம் 4-2 என்று ஜெயித்தது. 2004-க்குப் பிறகு வந்த முதல் கோப்பை. துக்கம் ஆறாத கடற்கரையில் பட்டாசு வெடித்தது. வேலை இல்லாத வீரர்களுக்கு அரசு வேலை தரப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. கோப்பையைவிட இந்த அறிவிப்புதான் பல வீடுகளில் நெடுநாள் பேசப்பட்டது.

பொழியூர் தனி அதிசயமும் அல்ல. கரையோரமாகவே வடக்கே போனால், விமான நிலையத்துக்கு அப்பால் வெட்டுகாடு. பக்கத்திலேயே கொச்சுவேளியில் 1946-இல் நிறுவப்பட்ட டைட்டானியம் தொழிற்சாலை. கழிவைக் கடலில் விடுகிறது என்று மீனவர்கள் பல காலமாகக் குறைப்பட்டுக்கொள்ளும் அதே தொழிற்சாலைதான் கேரளத்தின் பெயர்பெற்ற டீம்களில் ஒன்றையும் வைத்திருந்தது. வெட்டுகாட்டு மணலில் ஆடி வளர்ந்த ஜோபி ஜஸ்டின் மின்வாரியத்துக்கு ஆடி, 2017-இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2018 டிசம்பர் 16 அன்று மோகன் பகானை 3-2 என்று ஈஸ்ட் பெங்கால் வென்ற ஆட்டத்தில், அந்தரத்தில் பாய்ந்து அவர் அடித்த கோலைக் கொல்கத்தா இன்னும் பேசுகிறது. அந்த ஐ-லீகில் 9 கோல். இந்திய வீரர்களில் அவர்தான் முதலிடம். பந்தைத் தரையில் விடாத பழக்கத்தை அவருக்கு எந்த மைதானம் கற்றுத்தந்தது என்று இந்தக் கரையில் யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டுப் பக்கமும் இதே கதைதான். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி அணிக்கு ஆடி, 2018-இல் ஐ.எஸ்.எல்.லில் ஜாம்ஷெட்பூருக்கும் அடுத்த வருடம் கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்கும் போனார். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜின், 2018-19-இல் ஐ-லீகை வென்ற சென்னை சிட்டி அணியில் இருந்தார்.

ஆனால் இவர்கள் விதிவிலக்குகள். ஐ.எஸ்.எல். வாசல் நூற்றில் ஒருவருக்குத் திறக்கும். மீதிப் பேருக்கு வழி அந்தப் பழைய அலுவலக டீம்தான். அந்த வழி குறுகி வருகிறது. 2017 ஏப்ரல் 1 அன்று ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர், எஸ்.பி.ஐ.யுடன் இணைந்தது. வீரர்கள் ஜெர்சியை மாற்றிக்கொண்டார்கள். திருவனந்தபுரத்தில் தலைமையகம் வைத்து உள்ளூர்ப் பையன்களைத் தேடிய ஒரு வங்கி என்பது அத்துடன் இல்லாமல் போனது. இன்று ஊர் கிளப்பில் இருந்து வெளியே வரும் இருபது வயதுப் பையனுக்கு மலபார் பக்கத்து செவன்ஸ் ஆட்டங்களில் மேட்சுக்கு மேட்ச் பணம் கிடைக்கலாம். முழங்கால் போனால் அதுவும் இல்லை.

சின்ன இடம் என்பதால் சின்ன கனவுதான் காண முடியும் என்பதில்லை. ஐரோப்பாவில் மாண்டினீக்ரோ என்ற நாட்டின் மொத்த மக்கள்தொகையே 6 லட்சத்தைச் சுற்றித்தான். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2011 கணக்குப்படி 33 லட்சம் பேர். அந்த நாட்டுத் தலைநகரான பாட்கோரிட்சாவில் பிறந்த சாவிசெவிச் 1994-இலும், மியாடோவிச் 1998-இலும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் கோல் அடித்தவர்கள். அங்கே புறநகர் கிளப் ஒன்று கீழ்மட்ட லீகில் ஜெயித்தால் மேலே ஏறும். ஊர் மைதானத்துக்கும் நாட்டின் முதல் லீகுக்கும் நடுவே படிக்கட்டு இருக்கிறது. இங்கேயும் படிகள் போடப்படாமல் இல்லை. முன்னாள் கேரள வீரர் எபின் ரோஸ் கடலோரப் பையன்களை வைத்து உருவாக்கிய கோவளம் எஃப்.சி. இருக்கிறது. 2024-இல் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் வந்தது. சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில் மறுபடி விளக்கு எரிந்தது. ஆனால் மணலில் இருந்து முதல் படிக்குக் கால் வைக்க பஸ் கட்டணம், பூட்ஸ், முட்டை, பால் வேண்டும். அந்தச் செலவு இன்னமும் ஊர் கிளப்பின் தலையில்தான்.

அந்த மணலாவது மிஞ்சுமா என்பது அடுத்த கேள்வி. இந்தக் கரையைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. சங்குமுகத்தில் கடற்கரையோடு சாலையும் போய், திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. 1956-இல் இருந்து நின்ற வலியதுறைப் பாலம் 2021 புயலில் சரிந்து, 2024-இல் இரண்டாகப் பிளந்தது. அங்கே வீடிழந்த குடும்பங்கள் வருடக்கணக்கில் கிடங்குகளில் குடியிருந்தன. பொழியூரிலும் வீடுகள் விழுந்திருக்கின்றன; கரையோரச் சாலை அறுந்திருக்கிறது. எல்லைக்கு அந்தப்புறம் தமிழக அரசு கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு அமைத்ததால் அலை தங்கள் பக்கம் திரும்பிவிட்டது என்பது பொழியூர்க்காரர்களின் புகார். கல்லும் துறைமுகமும் வேண்டும் என்று இவர்களும் கேட்கிறார்கள். வீட்டைக் காப்பாற்றுவதா மைதானத்தைக் காப்பாற்றுவதா என்று கேட்டால், யாரும் வீட்டைத்தான் சொல்வார்கள். கல் வந்தால் வீடு பிழைக்கும். கல்லின் மேல் பந்து ஆட முடியாது.

சர்ச் மணி அடிக்கிறது. இருட்டுவதற்குள் இன்னொரு கோல் அடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஆட்டம் சூடு பிடிக்கிறது. யாரோ ஓங்கி அடித்த பந்து கடலுக்குள் போய் விழ, ஒரு பொடியன் யோசிக்காமல் பாய்ந்து நீந்திக் கொண்டுவருகிறான். திரும்பி வந்தவனிடம், எப்போதும் இதே இடத்தில்தான் ஆடுவீர்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, போன வருடம் போஸ்ட் நட்டிருந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டினான்.

அங்கே அலை அடித்துக்கொண்டிருந்தது.