இரண்டாம் முறை

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் தழுவியோட, நடுவே தீவாக விளங்குவது திருவரங்கம். அவ்வூரின் தெற்கு வாயிலில் பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயரம் ஓங்கி நிற்கிறது இராசகோபுரம். அக்கோபுரத்தின் வழியே நாள்தோறும் பள்ளிக்குச் சென்றுவந்த மாணவன் ஒருவனுக்குக் கிரிக்கெட் ஆட்டத்தில் பெருவிருப்பம் உண்டாயிற்று. அவன் தந்தை பூமாலை கட்டும் தொழிலாளர். நாட்கூலியிற் சிறிது சிறிதாகச் சேர்த்து, மகனுக்கு ஒரு மட்டை வாங்கிக் கொடுத்திருந்தார்.

ஒன்பதாம் வகுப்பிற் பயிலும்போது அவன் பள்ளி அணியில் இடம்பெற்றான். ஆயினும் தொடக்கம் நன்கு அமையவில்லை. முதல் ஆட்டத்தில் ஓட்டம் ஒன்றும் எடாது வெளியேறினான். இரண்டாம் ஆட்டத்தில் நான்கே ஓட்டங்கள். மூன்றாம் ஆட்டத்தில் மீண்டும் ஒன்றுமில்லை. தோழர் சிலர் நகைத்தனர். அந்நகைப்பினும் கொடியதாயிற்று அவன் உள்ளத்தில் எழுந்த அச்சம். பந்து வருமுன்னரே, ‘இம்முறையும் தவறிவிடுமோ?’ என்னும் எண்ணம் வந்துவிடும். கைகள் மட்டையை இறுகப் பற்றும். கால்கள் நின்ற இடத்தை விட்டு நகரா. கண்களோ பந்தை விடுத்துப் பார்ப்போர் முகங்களை நாடும். இந்நிலையிற் பந்தை அடிப்பது எங்ஙனம்?

ஒருநாள் மாலை, மட்டையைத் துணியிற் சுற்றிக்கொண்டு உடற்பயிற்சி ஆசிரியரிடம் சென்றான். “ஐயா, இனி நான் ஆடவில்லை. இம்மட்டையை ஆடத் தெரிந்த ஒருவனுக்குக் கொடுத்துவிடுங்கள். அப்பாவின் பணம் வீணாயிற்று” என்றான்; மேலே பேச நா எழவில்லை.

ஆசிரியர் சினந்தாரில்லை. அவனை அருகில் அமர்த்திக்கொண்டு கூறலானார்: “தம்பி, 1969ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கான்பூரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் மோதின. கருநாடகத்தைச் சேர்ந்த குண்டப்பா விசுவநாத்துக்கு அதுவே முதல் டெஸ்ட் ஆட்டம்; வயது இருபது. முதல் இன்னிங்சில் அவர் ஓர் ஓட்டமும் எடாமல் வெளியேறினார். மனம் சோர்ந்திருந்த அவ்விளைஞரை அணித்தலைவர் பட்டோடி தேற்றினார். அதே ஆட்டத்தின் இரண்டாம் இன்னிங்சில் விசுவநாத் எடுத்த ஓட்டங்கள் 137! களமும் அதுவே, எதிரிகளும் அவரே, நாட்களும் பல கடந்துவிடவில்லை. பின்னர் அவர் 91 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடி, 6080 ஓட்டங்களும் 14 சதங்களும் எடுத்தார். அன்று கான்பூரில் மட்டையைக் கீழே வைத்திருந்தால் இவை யாவும் எங்ஙனம் கைகூடும்?”

மாணவன் சற்றே சிந்தித்து, “ஐயா, அவர் அதற்கு முன்னரே நன்கு ஆடியவர் அல்லரோ?” என்று வினவினான்.

“நன்று கேட்டாய்! 1967இல் இரஞ்சிக் கோப்பைக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே அவர் 230 ஓட்டங்கள் எடுத்தவர். சோர்வுற்ற வேளையில் நினைந்து தேறுதற்கு அவருக்கு அந்த 230 இருந்தது. உனக்கும் அவ்வாறு நினைந்து தேற ஒன்று வேண்டும். அதனை நாம் உண்டாக்குவோம். வெறும் புகழுரையால் நம்பிக்கை பிறவாது, பிறந்தாலும் நில்லாது.”

மறுநாள் பழைய காலுறை ஒன்றிற் பந்தை இட்டு, வேப்பமரக் கிளையிற் கயிறு கட்டித் தொங்கவிட்டார். வைகறைதோறும் அப்பந்தை நூறு முறை நேர்மட்டையால் அடிக்க வேண்டும். கைப்பிடி தளர்ந்திருக்க வேண்டும். பந்து மட்டையிற் படும்வரை கண் அதனை விட்டு அகலலாகாது. இவையே அவர் விதித்த கட்டளைகள். முதல் வாரத்தில் நூற்றுக்குப் பாதியும் சரியாகப் படவில்லை. அவனோ ஒருநாளும் தவறினானில்லை. இரண்டு திங்கள் கழிந்தன. இப்போது தொண்ணூறு அடிகள் செவ்வையாக விழுந்தன. அவன் நினைந்து தேறுதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

அடுத்த ஆட்டம் ஆற்றுக்கு அப்பால் திருச்சிராப்பள்ளியில் நடைபெற்றது. முதற்பந்து மட்டைக்குத் தப்பி விக்கெட்டை ஒட்டிச் சென்றது. பழைய அச்சம் மீண்டும் தலைகாட்டியது. அவன் ஒரு கணம் வேப்பமரத்தை நினைந்தான், பிடியைத் தளர்த்தினான், அடுத்த பந்தை மட்டுமே நோக்கினான். பத்துப் பந்துகளைத் தடுத்தே ஆடினான். பின்னர் ஓட்டங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. வெளியேறும்போது அவன் எடுத்திருந்தவை முப்பத்தொன்று. அணியோ ஆறு ஓட்டங்களில் தோல்வியுற்றது. ஆயினும், அவன் தலை கவிழ்ந்து நடக்கவில்லை.

அன்று மாலை, நார் கொண்டு பூத்தொடுத்துக் கொண்டிருந்த தந்தை, “எத்தனை, தம்பி?” என்று கேட்டார்.

“முப்பத்தொன்று, அப்பா. ஆனால் தோற்றுவிட்டோம்.”

தந்தையின் விரல்கள் நின்றன. “அடுத்த ஆட்டம் என்றைக்கு?” என்றார்.

முயற்சியைப் போற்றும் ‘ஆள்வினையுடைமை’க்கு அடுத்தாற்போலத் திருக்குறளில் அமைந்தது ‘இடுக்கண் அழியாமை’ என்னும் அதிகாரம். முயல்வார்க்கு இடையூறு வருதல் இயல்பு. அதற்கு அழியாமையும் முயற்சியின் ஒரு கூறே. திருவரங்கத்து இராசகோபுரமும் நூற்றாண்டுகள் பல முற்றுப்பெறாது மொட்டைக் கோபுரமாகவே நின்றது. மீண்டும் முயன்றமையால் 1987இல் முழுமையுற்றது. அதனடியில் இன்றும் ஒரு சிறுவன் மட்டையைத் தோளிற் சார்த்திக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறான்.