பெட்டிச் சுருட்டும் பெட்டிக்கடைச் சுருட்டும்

உலகத்தில் சுருட்டுப் பிடிப்போர் இரு வகையினர். சுருட்டைப் பெட்டியோடு வாங்குவோர் ஒரு வகை. பெட்டிக்கடையில் ஒவ்வொன்றாக வாங்குவோர் மற்றொரு வகை. காவேரிக் கரையில் பிறந்து, மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா, மாட்டார்களா என்ற கவலையிலேயே வளர்ந்த நாம் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்காக நாம் வெட்கப்படுவதில்லை. நமது சுருட்டு குலம் கோத்திரம் அற்றதன்று. ஆங்கிலத்தில் 'செரூட்' என்று வழங்கும் சொல், நம் தமிழ்ச் 'சுருட்டு' கப்பலேறிப் போய் உருமாறியதுதான். முன்னாளில் சோழர் தலைநகராயிருந்த உறையூர், பின்னாளில் சுருட்டுக்குப் பேர் போயிற்று. 'டிரிச்சினாபொலி' என்ற நாமதேயத்துடன் அந்தச் சரக்கு சீமைக்குச் சென்றது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், துப்பறியும் நிபுணர் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே, கொலையாளி பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று சொல்லிவிடுகிறார்! சர்ச்சில் துரையும் திருச்சிச் சுருட்டுப் பிடித்தார் என்று நம் பக்கத்தில் பெருமை பேசுவதுண்டு. உண்மையானால் வேடிக்கைதான். நமது சுயராஜ்யக் கோரிக்கையை ஊதித் தள்ளிய மனிதர், நமது சுருட்டை மட்டும் ஆசையாக ஊதியிருக்கிறார்!

ஆனால் சுருட்டு உலகத்தின் சக்கரவர்த்தி ஹவானாதான். அதை நாம் மறுக்கவில்லை. 1492-இல் கொலம்பஸின் ஆட்கள் புகையிலைப் புகையைக் கண்டதே அந்தக் கியூபாத் தீவில்தான். முழு முழு இலையாகத் தேர்ந்து, பக்குவப்படுத்தி, கையால் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்குகிறார்கள். மூடியிருக்கும் முனையை நறுக்க ஒரு கத்தி. ஈரப்பதம் குறையாமல் காக்க மற்றொரு பெட்டி. இவ்வளவு உபசாரம் மாப்பிள்ளைக்குக்கூட நடப்பதில்லை. நமது சுருட்டோ இரு முனையும் திறந்த பரப்பிரம்மம். தீக்குச்சி ஒன்று போதும்.

சில வருஷங்களுக்கு முன்பு அயல்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர் நமக்கு ஒரு ஹவானாவைப் பரிசளித்தார். திருவையாற்றுக்கு அருகிலுள்ள நம் வீட்டுத் திண்ணையில் அதைப் பற்ற வைத்தோம். மிருதுவான புகை, அருமையான வாசனை, குறை சொல்ல ஒன்றுமில்லை. எனினும் அன்று மாலை வேறு பேச்சே நடக்கவில்லை. அதன் விலை என்ன, எத்தனை கலம் நெல்லுக்குச் சமானம், சாம்பலை எப்போது தட்டலாம் என்பதே பேச்சு. அணைந்துவிடுமோ என்று அடிக்கடி அதைப் பார்க்கவேண்டியிருந்தது. நாம் சுருட்டை அனுபவித்தோமா, சுருட்டு நம்மைக் காவல் வைத்ததா என்பது சந்தேகந்தான்.

பெட்டிக்கடைச் சுருட்டுக்கு இந்த அதிகாரம் கிடையாது. சம்பா நடவைப் பற்றியோ, வாய்க்கால் முறையைப் பற்றியோ விவாதம் சூடேறினால் அது தானே அணைந்துவிடும்; கோபித்துக்கொள்ளாது. மறுபடி பற்ற வைத்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும். காரம் சற்று அதிகந்தான். ஆனால் அது பேச்சைக் கெடுப்பதில்லை.

இவ்விடத்தில் மற்றொரு விஷயத்தையும் சொல்லாவிட்டால் நேயர்களுக்கு நாம் உண்மையானவர்களாக மாட்டோம். இருபது வருஷம் அந்தத் திண்ணையை நம்மோடு பங்கிட்டுக்கொண்ட நண்பர் வாய்ப்புற்றுநோயால் காலமானார். அவர் பிடித்ததும் இதே சுருட்டுத்தான். புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டாலும் வாய்க்கும் தொண்டைக்கும் ஆபத்து உண்டென்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். ஹவானாவாயிருந்தாலும் இதில் சலுகை கிடையாது. விலையில் ஏற்றத்தாழ்வு உண்டே தவிர, விஷத்தில் இல்லை.

அவர் போன பிறகு ஒன்று விளங்கிற்று. கடை அதே கடை, சுருட்டு அதே சுருட்டு. ருசியை மட்டும் காணோம். இத்தனை காலம் நாம் சுருட்டின் ருசியென்று எண்ணியதில் முக்காற்பங்கு அவருடைய பேச்சின் ருசி. இப்போது நாம் வாரத்துக்கு ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுகிறோம். வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வது, அந்த ஒன்றும் வேண்டாம் என்பதே. திண்ணையையும் சிநேகிதத்தையும் மட்டும் அவர்கள் நம்மிடமிருந்து கற்றுக்கொண்டால் போதும்.

சாம்பலைக் கண்டு சுருட்டின் ஜாதியைச் சொல்ல ஷெர்லாக் ஹோம்ஸால் முடியும். அதைப் பிடித்த மனிதனுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பதைச் சொல்ல எந்தத் துப்பறியும் நிபுணராலும் முடியாது. நமக்கோ, கணக்கில் சேர வேண்டியது அது ஒன்றுதான்.