49க்கு வெளியே ஒன்று, 38க்கு வெளியே ஒன்று

1972 அமெரிக்க அதிபர் தேர்தலில் 50 மாகாணங்களில் 49 நிக்சனுக்கு. மாசசூசெட்ஸ் மட்டும் அசையவில்லை. வாட்டர்கேட்டில் ஆட்கள் பிடிபட்டது அந்த ஜூனிலேயே. 1974 ஆகஸ்டில்தான் நிக்சன் பதவி விலகினார்.

அருமனைக்காரனான எனக்கு இது பழகிய கதை. 1971இல் தமிழ்நாட்டின் 39 மக்களவைத் தொகுதிகளில் 38 திமுக–இந்திரா கூட்டணிக்கு. எங்கள் நாகர்கோவில் தொகுதி மட்டும் காமராஜருக்கு. அதே தேர்தலில் ரேபரேலியில் முறைகேடு என்று இந்திராவின் வெற்றியை 1975 ஜூன் 12இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 13 நாளில் நெருக்கடிநிலை.

எங்க ஆளுகள் ஒண்ணும் தீர்க்கதரிசிகள் இல்லை. ஆனாலும், "சனங்க தீர்ப்பு சொல்லியாச்சு, இனி என்ன கேள்வி?" என்று இன்று யாராவது கேட்டால் எனக்கு உறுத்தும். ஓட்டு ஆளும் உரிமையைத் தரும், குற்றத்தைக் கழுவாது. எவ்வளவு பெரிய வெற்றியோ, அவ்வளவு கேள்வி கேக்கணும்.